உபயம்: மா. சந்திரமோகன்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு மின்விசிறி தொங்குகிறது. அதன் மூன்று இறக்கைகளிலும் எழுத்து உண்டு. ஒன்றில் ‘உபயம்’, அடுத்ததில் ‘மா.’, மூன்றாவதில் ‘சந்திரமோகன்’. விசிறி சுற்றும்போது ஒன்றும் தெரியாது. கரண்ட் போய், சாமி கும்பிட வந்தவர்கள் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும்போது, அந்தப் பெயர் மெதுவாக வந்து நிற்கும். ஊருக்குக் காற்று நின்றால்தான் அவருக்குப் புகழ். அவரை இதைவிடப் பொருத்தமாக அறிமுகப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

சந்திரமோகன் எனக்குச் சித்தப்பா முறை. காரிமங்கலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கம்பெனி இருக்கிறது. ஓசூர் வண்டித் தொழிற்சாலைகளுக்குப் போகும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் அங்கேதான் முலாம் பூசுகிறார்கள். சித்தப்பா அதில் சுற்றுச்சூழல் மேலாளர்.

அவர் படித்தது பி.காம்., அதுவும் தபால் வழியில். ஸ்டோர் கீப்பராகத்தான் உள்ளே போனார். ஆபத்தான கழிவுகளுக்கு யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், அவர் பெயரை அரசாங்கத்துக்கு எழுதித் தர வேண்டும் என்று வந்தபோது, முதலாளி ஆபீசில் இருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாராம். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருமே கேள்வி கேட்கிற ஆட்கள். சந்திரமோகன் கேட்டது ஒரே கேள்விதான்: “போர்டுல பேரு போடுவீங்களா சார்?” அன்றைக்கே மேலாளர் ஆகிவிட்டார்.

கம்பெனி வாசலில் பெயர்ப்பலகை வந்தது. கூடவே ஒரு பச்சை ஹெல்மெட். தலையில் இரும்பு விழாமல் காக்கக் கொடுத்த அந்தப் பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குவார். கல்யாணத்துக்குப் போனால் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். யாராவது “என்ன வேலைங்க?” என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே அது எப்போதும் அவர் கூடவே இருந்தது. கேட்டவரிடம், “நம்ம கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு அழுக்குத் தண்ணி கம்பெனிய வுட்டு வெளிய போவாதுங்க” என்பார். அது உண்மைதான். போன சொட்டுக்கெல்லாம் அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

கழிவு வைப்பதற்கென்று கம்பெனிக்குள் தனி ஷெட் கட்டியிருந்தார்கள். மேலே கூரை, கீழே கசியாத தரை, சுற்றிலும் கம்பி, மண்டையோடு போட்ட எச்சரிக்கைப் பலகை. எல்லாம் சட்டம் சொல்கிறபடி. அதன் சாவி சித்தப்பாவின் இடுப்பில் தொங்கும். ஷெட்டுக்குள் இருந்தது அவருடைய தோட்டத்துப் புளி. காய்ந்த இடம், நிழல், பூட்டு, எலி வராது. விலை ஏறும்வரை புளி அங்கேதான் இருக்கும். கழிவு வெளியே வேலி ஓரம் வெயிலில் கிடக்கும்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: ஆடித் திருவிழாவில் பரிவட்டம். அம்மனுக்குச் சாத்திய துணியைப் பூசாரி எடுத்து வந்து முதலில் ஊர்க்கவுண்டர் தலையில் கட்டுவார். அடுத்து, அந்த வருஷம் கோயிலுக்குப் பெரிய உபயம் செய்தவர் தலையில். அவருடைய அப்பா மாயவன் ஒரு வருஷம் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றாராம். பூசாரி அவரைத் தாண்டிப் பக்கத்தில் நின்றவருக்குக் கட்டிவிட்டாராம். இதைச் சொல்லும்போது சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். ஆசிட் நெடியில் கலங்காத கண்.

அந்த ஆசையும் வேலி ஓரத்துக் கழிவும் ஒருநாள் அவர் மண்டைக்குள் சந்தித்துக்கொண்டன.

முலாம் பூசுவதற்கான கெமிக்கல் எல்லாம் பெரிய நீல பிளாஸ்டிக் டிரம்மில் வரும். கெமிக்கல் தீர்ந்தாலும் டிரம் தீராது. அதன் உள்சுவரில் ஒட்டியிருப்பது போகாது. அதனால் காலி டிரம்மும் ஆபத்தான கழிவுதான். அனுமதி பெற்றவர்களின் லாரியை வரவழைத்து, முறையாக ஏற்றி அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் சேர்த்து வைக்கவும் கூடாது. சித்தப்பா லாரிக்குச் செலவு கேட்டபோதெல்லாம் முதலாளி சொன்ன பதில், “பாத்துப் பண்ணுங்க சந்திரமோகன்.” அவரும் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு எவ்வளவு பாடு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்தால்தான் உண்டு. டிரம் இருக்கிற வீடு பாக்கியம் செய்த வீடு.

ஆக, கோயிலுக்கு உபயம்: காலி டிரம்கள், ஒரு லாரி நிறைய.

பெயர் எழுத வந்த பெயிண்டர் அருள்குமார் என்னிடம் பிற்பாடு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கம்பெனி வளாகத்தில் டிரம்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்களாம். ஒவ்வொன்றிலும் கெமிக்கல் விற்ற கம்பெனிக்காரன் ஒட்டிய மண்டையோடும், ஆசிட்டில் கரைகிற கையின் படமும்.

“சார், இந்த மண்டவோட்டு மேலயே எழுதட்டுங்களா?”

“அது மேல எழுதத்தான்யா ஒன்னக் கூப்புட்டேன்.”

“அப்ப ரெண்டு கோட்டிங் அடிக்கணும் சார். இல்லன்னா மண்டவோடு சிரிக்கும்.”

“மூணு அடி. சிரிக்கக் கூடாது.”

மஞ்சள் பெயிண்டில், பட்டை எழுத்தில்: ‘உபயம்: மா. சந்திரமோகன், சுற்றுச்சூழல் மேலாளர்.’ அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் இல்லாவிட்டால் நான் இந்த மனிதரைப் பற்றி எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். விஷ டிரம்மைத் தானம் செய்பவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. அதில் தன் பதவியையும் சேர்த்து எழுதிக்கொடுத்தவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கோயிலில் கூழுக்கும் மோருக்கும் கொஞ்சம் டிரம்களை வைத்துக்கொண்டு, மீதியைச் சாமி முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நான் வெளியூரெல்லாம் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிய அன்று, வாசலுக்கு வாசல் அவர் பெயர் மஞ்சளாக நிற்பதைப் பார்த்து, சித்தப்பா ஏதோ தேர்தலில் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவர் தெருவில் நடந்து வருவார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே, மெதுவாக, ஒவ்வொரு வாசலிலும் தன் பெயரைத் தானே வாசித்துக்கொண்டு வருவார். ஒரு நாய் அதன்மேல் காலைத் தூக்கியபோது கல்லால் அடித்தார்.

எங்கள் வீட்டு டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் அச்சுக் குத்தியிருந்ததிலும், பெயிண்ட் உரிந்த இடத்திலும் விஷயம் தெரிந்துவிட்டது. நேராக அவரிடமே போய்ச் சொன்னேன்.

“பூவு,” என்றார். என் பெயர் பூவிழி. “நீ நாலு தேசத்துத் தண்ணி குடிச்சவ. ஒனக்கு நம்மூரு தண்ணி எல்லாமே விஷமாத்தான் தெரியும்.”

“சித்தப்பா, தண்ணியச் சொல்லல. டிரம்மச் சொல்றேன்.”

“அதெல்லாம் அலசித்தான் குடுத்தேன். ரெண்டு வருஷம் ஆச்சு. யாராச்சும் செத்தாங்களா?”

யாரும் சாகவில்லை. அதுதான் அவருடைய வாதம். கடைசிவரை அதுவேதான் வாதம். கோயிலில் கூழ் காய்ச்சும் ராமக்காளுக்கு, டிரம்மைக் கழுவி, கரைத்து, கலக்கி, இரண்டு கையும் தோல் உரிந்து வெடித்துக் கிடந்தது. நான் அவரைக் கேட்டபோது, “சோப்புத்தூளு ஒத்துக்கல பாப்பா” என்றார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். “சும்மா கெடைச்சதுன்னா உனுக்கு ஏன் எரியுது?” என்று ஒருத்தர் கேட்டார். கடப்பாரையை எடுத்து எங்கள் வீட்டு டிரம்மில் மட்டும் ஓட்டை போட்டேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஊரில் எனக்குத் ‘திமிரு’ என்று பேர் வந்தது. சித்தப்பாவின் மீது எனக்கு இருக்கும் இளக்காரத்தில் ஒரு கைப்பிடியை எடுத்து ஊருக்கும் கொடுப்பேன்.

முதல் லாரிக்குக் கிடைக்காத பரிவட்டத்துக்காக, இந்த வருஷம் ஆடிக்கு முன்னால் இன்னொரு லாரி டிரம் கொடுத்தார். ஊர்க்கவுண்டர் தர்மன் கோயில் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: “இந்த வருஷம் ரெண்டாம் பரிவட்டம் சந்திரமோகனுக்கு.” சித்தப்பா தர்மபுரிக்குப் போய்ப் பட்டு வேட்டி எடுத்து வந்தார். சுகுணா சித்தி சொன்னார், கண்ணாடி முன்னால் நின்று துண்டைத் தலையில் கட்டிக் கட்டிப் பார்த்தாராம். எந்தப் பக்கம் முடிச்சு வந்தால் போட்டோவில் முகம் தெரியும் என்று.

அப்போதுதான் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் கம்பெனிக்குச் சோதனைக்கு வந்தார். நடந்ததைச் சித்தப்பாவே எங்கள் வீட்டில் வந்து, காபி குடித்துக்கொண்டு, வெற்றிக் கதையாகச் சொன்னார்.

“ஷெட்டத் தொறந்தேன். மேடம் மூக்கச் சுளிச்சாங்க. என்னாங்க, புளி வாசன அடிக்குதுன்னாங்க. நான் டக்குனு சொன்னேன், ஆசிட்டு மேடம்!” தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் என்னா, வாங்குன கெமிக்கல் இவ்வளவு இருக்குது, காலி டிரம்மு எங்கன்னாங்க. அனுப்பியாச்சு மேடம்ன்னேன். எங்கன்னாங்க. உரிய எடத்துக்குன்னேன். எந்த உரிய எடம்ன்னாங்க. மொதல்ல ஒரு எளநி சாப்புடுங்க மேடம்ன்னேன்.”

“சாப்ட்டாங்களா?”

“எங்க? பிளாஸ்கத் தொறந்து அவங்க தண்ணியவே குடிச்சாங்க. எழுத்துல பதில் குடுங்கன்னு போயிட்டாங்க. ஆனா நான் வுடல. ஜீப்பு வரைக்கும் போயி, மேடம், எங்கூர்ல கூழு ஊத்தறோம், எனக்குப் பரிவட்டம் கட்டறாங்க, நீங்க சிறப்பு விருந்தாளியா வந்தே ஆவணும்ன்னேன். மொதல்ல யோசிச்சாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். சரி, வரேன்னுட்டாங்க!” காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ஆபீசர எப்பிடி மடக்கறதுன்னு தெரியணும் பூவு. இப்ப நீ ஒரு வேல பண்ணு. இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் குடு. டிரம்மெல்லாம் முறைப்படி அப்புறப்படுத்தியாச்சுன்னு.”

“எங்க அப்புறப்படுத்துனீங்கன்னு எழுதறது?”

“கோயிலுக்குத்தான.”

“எழுதட்டா?”

“எழுதாத! பொதுவா எழுது.”

“சரி. அந்த மேடத்த எங்க வரச் சொல்லியிருக்கீங்க?”

“கோயிலு…”

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. டிரம் விஷம் என்று நான் சொன்னபோது வராத வியர்வை, அப்போது வந்தது. கழுத்தில் இறங்கிச் சட்டைக் காலர் நனைவதை நான் பார்த்தேன். அதிகாரியை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. அவருக்குச் சந்தேகம் வரும். திருவிழா போஸ்டரில் வேறு ‘சிறப்பு விருந்தினர்’ என்று அச்சடித்தாகிவிட்டது. ஒரே வழி, டிரம்களைத் திரும்பப் பெறுவது.

ஆனால் எங்கள் ஊரில் சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. பச்சியப்பன் என்று ஒருவர் இருக்கிறார். பாத்திர வாடகைக் கடைக்காரர். பல வருஷத்துக்கு முன்னால் கோயிலுக்கு மைக்செட் உபயம் கொடுத்தார். பிறகு நிர்வாகத்தோடு சண்டை வந்து, கோபத்தில் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்கு ‘மைக்செட் புடுங்கி’ என்று பெயர். அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட, “மைக்செட் புடுங்கி வூடு எதுங்க?” என்று கேட்டுத்தான் வந்தார்கள். திரும்ப எடுப்பவனுக்குப் பரிவட்டம் கிடையாது. பட்டப்பெயர்தான் உண்டு.

இது தெரிந்தும் சித்தப்பா வீடு வீடாகப் போனார். முதலில் ராமக்காள் வீடு.

“அக்கா, அந்த டிரம்ம எடுத்துக்கறேன். புதுசு ஒண்ணு வாங்கியாந்து தரேன்.”

“ஏம்பா, இதுக்கு என்னா கேடு?”

“கேடு ஒண்ணுமில்ல. பழசாயிருச்சு.”

“நானுந்தான் பழசாயிட்டேன், தூக்கிட்டுப் போறியா? சாமி சீட்டுல வந்தது தம்பி. புதுசுல ஓம்பேரு இருக்குமா? ஓம்பேரப் பாத்துத்தான் தெனமும் மொண்டு குடிக்கறேன்.”

அடுத்த வீட்டில் வாசலிலேயே, “என்னாண்ணா, மைக்செட்டுக்கு அப்புறம் டிரம்மா?” என்றார்கள். அதற்கடுத்த வீட்டுக்கு அவர் போகவில்லை. விஷயம் அவருக்கு முன்பே ஊர்க்கவுண்டர் காதுக்குப் போயிருந்தது. தர்மன் கூப்பிட்டு அனுப்பி ஒரே வார்த்தைதான் கேட்டார். “குடுத்ததத் திரும்ப வாங்குனவனுக்கு எந்த ஊர்ல பரிவட்டம் கட்டறாங்க? சொல்லு, நானும் போயிப் பாத்துட்டு வரேன்.”

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. ‘இது விஷம் இருந்த டிரம், யாரும் இதில் குடிக்காதீர்கள்.’ அவர் சொன்னால் ஊர் கேட்டிருக்கும். நான் சொன்னால்தான் திமிர். பதவியும் ஹெல்மெட்டும் உள்ள மனிதர், கொடுத்தவரே வந்து சொன்னால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் அந்தப் பதவிக்குச் சம்பளம் வாங்கினாரே, அந்த வேலையை ஒரே ஒருமுறை செய்ய வாய்ப்பு வந்தது. அவர் சொன்னது இது: “இல்லீங்க மாமா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.”

அப்புறம் அவர் செய்தது எல்லாம் பெயரை மறைக்கிற வேலை. சாமிக்கு எழுதியதை அழிக்கவும் கூடாது என்பதால், பாப்பாரப்பட்டி ஜோசியர் சொன்னதாக ஒரு புரளியைக் கிளப்பினார். உபயம் எழுதிய பக்கம் திருவிழா முடியும்வரை சுவரைப் பார்த்து இருக்க வேண்டுமாம், தெருவைப் பார்த்தால் கண்ணு பட்டுவிடுமாம். நான் விஷம் என்றபோது நம்பாத ஊர் இதை நம்பியது. ஒரே நாளில் எல்லா வாசலிலும் டிரம்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளைகளைப் போல. கோயில் பந்தலில் இருந்த டிரம்களுக்கு மஞ்சள் துணி வாங்கி வந்து சுற்றிக் கட்டினார். மேல்விளிம்பில் மடித்து, பின்னால் முடிச்சுப் போட்டு, கண்ணாடி முன்னால் பழகிய அதே கட்டு. இந்த வருஷத்தின் முதல் பரிவட்டம் டிரம்களுக்குத்தான் கிடைத்தது.

திருவிழா அன்று இன்ஜினியர் வந்தார். சாதாரணக் காட்டன் புடவை, தோளில் ஒரு பை. சித்தப்பா பட்டு வேட்டியோடு ஓடிப்போய்ச் சால்வை போர்த்தினார். அவரைச் சாமியிடம் கூட்டிப்போனார், மண்டபத்துக்குக் கூட்டிப்போனார், வெயிலுக்கு ஒதுங்கச் சொன்னார். பந்தல் பக்கம் மட்டும் கூட்டிப்போகவில்லை. ஆனால் விருந்தாளிக்குக் கூழ் கொடுக்காமல் விடுகிற ஊரா எங்கள் ஊர்? ராமக்காள் சொம்போடு எழுந்தே வந்துவிட்டார்.

“வா கண்ணு, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ.”

இன்ஜினியர் பந்தலுக்கு வந்தார். துணி சுற்றிய டிரம்களைப் பார்த்தார். “இதுக்கு ஏம்மா துணி கட்டியிருக்கீங்க?”

“அதென்னமோ சந்திரமோகன்தான் கட்டுனான். மொள்ளறப்பல்லாம் துணி கூழுல வுழுவுது, சனியன்.” ராமக்காள் சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார். நிஜமான பிரியத்தோடுதான். “ஏண்டா வெக்கப்படற? யாரு உபயத்துல கூழு குடிக்கறாங்கன்னு மேடத்துக்குத் தெரிய வேணாமா?”

துணியை ஒரே இழுப்பில் உருவினார்.

‘உபயம்: மா. சந்திரமோகன், சுற்றுச்சூழல் மேலாளர்.’

இன்ஜினியர் அதைப் படித்தார். பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, ‘மேலாளர்’ என்பதன் ஓரத்தைச் சுரண்டினார். அருள்குமார் மூன்று கோட்டிங் அடிக்கவில்லை போலிருக்கிறது. மஞ்சளுக்கு அடியிலிருந்து முதலில் பல் வந்தது. அப்புறம் மண்டையோடு.

ராமக்காள் கையிலிருந்த சொம்பை வாங்கித் தரையில் வைத்தார். “கொட்டிடுங்க.”

“எதக் கண்ணு?”

“எல்லாத்தையும்.” பிறகு சித்தப்பாவைப் பார்த்து, “இதுதான் உரிய இடமா சார்?” என்றார்.

“மேடம், அலசிட்டுத்தான் மேடம் குடுத்தேன்.”

“அலசின தண்ணி எங்க போச்சு?”

“ஓடையில வுட்டுட்டேன் மேடம்,” என்றார் சித்தப்பா. நல்ல பதில் சொன்னதாக நினைத்த முகம் அது.

இன்ஜினியர் கூட்டத்தைப் பார்த்து, டிரம்மில் என்ன இருந்தது என்று நிதானமாகச் சொன்னார். நான் சொன்னதையேதான் சொன்னார். அவர் ஜீப்பில் வந்திருந்ததால் எல்லாருக்கும் புரிந்தது. ராமக்காள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தார். தர்மன்தான் கேட்டார்.

“தெரிஞ்சேவா குடுத்த?”

“மாமா, யாரும் சாகலீங்களே,” என்றார் சித்தப்பா.

கூழையெல்லாம் கோயிலுக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினார்கள். சாமிக்குக் கூழ் ஊற்றாமல் திருவிழாவை முடிக்க முடியாது. மறுபடி காய்ச்சினால் ஊற்றி வைக்கப் பாத்திரம் இல்லை. அப்போது பச்சியப்பன் தன் கடையைத் திறந்து, பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். “வாடகைக்கு இல்ல, கோயிலுக்கே,” என்றார். அண்டாக்களில் ‘பச்சியப்பன்’ என்று வெட்டியிருந்தது. அவரும் பெரிய தர்மவான் ஒன்றும் இல்லை. இந்த வாய்ப்புக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ. ஆனால் அந்த அண்டாவில் சோற்றையும் குழம்பையும் தவிர வேறு எதுவும் கொதித்ததில்லை. எங்கள் ஊரில் ஒரு மனிதரைப் பற்றி இதற்கு மேல் நல்லதாகச் சொல்ல எனக்குக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் பூசாரி பரிவட்டத்தோடு வெளியே வந்தார். தர்மனுக்குக் கட்டினார். சித்தப்பா பட்டு வேட்டியோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். போகவில்லை. அவ்வளவுக்குப் பிறகும் போகவில்லை. பூசாரியின் கை உயர்ந்ததும், யாரும் சொல்லாமலே, அவர் தலை தானாகக் குனிந்தது. துணி அவரைத் தாண்டிப் போய்ப் பச்சியப்பன் தலையில் ஏறியது. குனிந்த தலையை நிமிர்த்த அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தன் அப்பா கதையை இனி அவர் சொல்லும்போது அதில் குனிந்து நிற்கிற ஆள் மாறியிருக்கும்.

கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. முதலாளி அபராதம் கட்டினார். சித்தப்பாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அப்படி இன்னொரு ஆள் எங்கே கிடைப்பார்? ஷெட்டிலிருந்த புளியை மட்டும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

அனுமதி பெற்றவர்களின் லாரி கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்தது. வீட்டுக்கு வீடு டிரம்களைச் சுவரிலிருந்து திருப்பி, வரிசையாக நிறுத்தினார்கள். எதிர்ப்புச் சொல்ல இந்த முறை யாரும் இல்லை. சில வீடுகளில் மட்டும், “பதிலுக்கு டிரம்மு தருவீங்களா?” என்று கேட்டார்கள். ஆபத்தான கழிவு ஒவ்வொன்றின் மீதும் லேபிள் இருக்க வேண்டும். உள்ளே என்ன, என்ன ஆபத்து, யார் அனுப்புகிறார்கள், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். இன்ஜினியர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பச்சை ஹெல்மெட்டோடு சித்தப்பாவே பசையைத் தடவித் தடவி ஒட்டினார். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும், ஒவ்வொரு டிரம்மிலும்.

மண்டையோட்டுப் படம். அதற்குக் கீழே, பொறுப்பானவர்: மா. சந்திரமோகன்.

எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறதென்று லாரி டிரைவரிடம் அவர் குறைப்பட்டுக்கொண்டார்.